போகிறேன் என்று சொல்லவும்

ராசாங்கத்தின் வாசனை சட்டென்று கழன்றுவிட்டது. தவமணியின் வாசனைதான் இறங்க மாட்டேன் என்று அடம்பிடித்தது.

மேகந்தாங்கி ஏரிக்குப் போகிறவர்கள் அடிவாரச் சாவடியில் உடல்வாசனையைக் கழற்றிவிட்டுத்தான் மலையேற வேண்டும். அந்தக் காலத்தில் இது கோயில் வாசலில் செருப்பை விடுவது போன்ற ஒரு காரியம். யாருக்கும் விசித்திரமாகத் தெரியாது. வாசனைநீக்கி என்கிற கண்ணாடிக் கூண்டுக்குள் நின்றால் வெதுவெதுப்பான காற்று உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால்வரை தடவிக் கொடுக்கும். வெளியே வரும்போது நீங்கள் கழுவி வைத்த கூழாங்கல் மாதிரி எந்த மணமும் இல்லாமல் இருப்பீர்கள். காட்டு மாடு உங்களை மோப்பம் பிடித்து மிரளாது. மிரளாத காட்டு மாடு உங்களை முட்டாது. இரு தரப்புக்கும் நல்லது.

“மல்லிகை,” என்று கூண்டு ஒவ்வொன்றாக அறிவித்தது. “நல்லெண்ணெய். விபூதி. தாளித்த வெங்காயம். முந்தாநாள் நெத்திலிக் கருவாடு.”

“எடுக்கிறத எடு. அத ஏன் ஊருக்கெல்லாம் படிச்சுக் காட்ற?” என்றாள் தவமணி.

வெளியே நின்ற அவள் கணவர் ராசாங்கம் சிரித்தார். சிரித்ததும் மார்பில் கையை வைத்துக்கொண்டார். போன மாதம்தான் அவருக்கு மின்னிதயம் பொருத்தியிருந்தார்கள். கம்பம் ஊரில், பறக்கும் தபால்பெட்டிகளைப் பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தவர் அவர். ஆயுள் முழுக்க அடுத்தவன் பெட்டிக்கு மின்னேற்றிக் கொடுத்த மனிதர், இப்போது ராத்திரிதோறும் தன்னையே சுவரில் செருகிக்கொள்ள வேண்டியிருந்தது. ஒரு ராத்திரி தவறினால் விடியும்போது இதயம் மெதுவாகும். அப்புறம் நின்றுவிடும். அதற்கான மின்கயிற்றைத் தவமணி எங்கே போனாலும் கையோடு எடுத்துப்போவாள். இன்றைக்கும் எடுத்து வந்திருந்தாள். உடம்புக்குள் இருப்பதைத் தவிர வேறு மின்கருவிகளைக் காட்டுக்குள் கொண்டுபோகக் கூடாது என்பதால் அதைச் சாவடிக்கு வெளியே வண்டியிலேயே வைக்க வேண்டியதாயிற்று. பொழுது சாய்வதற்குள் இறங்கிவிடப் போகிறோம், என்ன ஆகிவிடும் என்று இருவரும் நினைத்தார்கள்.

மேகந்தாங்கிக்கு ஒரு மனிதர் ஆயுளில் ஒருமுறைதான் போகலாம். அதுவும் குலுக்கலில் பெயர் விழுந்தால். ஒரு நாளைக்கு ஒரு குடும்பம். மேற்கு மலையில் மிஞ்சியிருந்த ஏரி அது ஒன்றுதான். மற்ற ஏரிகளையெல்லாம் நம் முன்னோர்கள் சுற்றிப் பார்த்துப் பார்த்தே தீர்த்துவிட்டார்கள்.

காட்டைக் காத்து வந்தது வனமதி. அது ஒரு யந்திர அறிவு. மரத்துக்கு மரம் அதற்குக் காது உண்டு, குரல் உண்டு. தொடக்கத்தில் மனிதரைப் பார்க்கும் கண்ணும் இருந்தது. ஏரிக்கரையில் தாங்கள் செய்ததை அது பார்த்துவிட்டது என்று நாலு பெரிய மனிதர்கள் வழக்குப் போட்டார்கள். மனிதரை யந்திரம் பார்ப்பது அந்தரங்க மீறல் என்று தீர்ப்பானது. அன்றிலிருந்து வனமதிக்கு மானும் மந்தியும் தெரியும், மரத்தில் ஊரும் எறும்பு தெரியும். மனிதர் நிற்கும் இடத்தில் மட்டும் வெறும் வெள்ளைத் திட்டு தெரியும். ஆகவே மனிதர் விஷயத்தில் அவர்கள் வாயால் சொல்வதை அப்படியே நம்புவதைத் தவிர அதற்கு வேறு வழியில்லை. இந்த ஏற்பாட்டுக்குச் சொல்லேற்பு என்று பெயர் வைத்து, உலகத்திலேயே நாகரிகமான வனச்சட்டம் இதுதான் என்று நம்மவர்கள் தங்கள் முதுகைத் தாங்களே தட்டிக்கொண்டார்கள்.

“உறுதிமொழி சொல்லுங்கள்,” என்றது வாசலில் இருந்த வேங்கை மரம். வனமதியின் தமிழ் அகராதியிலிருந்து நேராக இறங்கி வந்த தமிழ்.

இருவரும் கையை நீட்டிச் சொன்னார்கள். குப்பை போட மாட்டோம். நீரில் இறங்க மாட்டோம். விலங்குக்கு உணவு தர மாட்டோம். எதையும் பறிக்க மாட்டோம், எடுக்க மாட்டோம். சொல்லி முடித்ததும் கதவு திறந்தது.

“நன்றி. நம்புகிறேன்,” என்றது வனமதி. அந்த வார்த்தையில் கிண்டல் எதுவும் இல்லை.

கழுத்தில் குரல்வடிகட்டி, காலில் தடமழிச் செருப்பு. அந்தச் செருப்பு முன்னால் மிதித்த புல்லைப் பின்னால் நிமிர்த்திவிட்டுப் போகும். குரல்வடிகட்டி கூச்சலை முணுமுணுப்பாக்கும். பாதி வழியில் ராசாங்கம் ஒரு பள்ளத்தாக்கைக் கண்டதும் நம் இரத்தத்தில் ஊறிய பழக்கப்படி “ஏஏஏய்!” என்று கத்திப் பார்த்தார். வெளியே வந்தது கொட்டாவி விட்ட சத்தம்தான்.

“பாறை வழுக்கும், ஓரத்துக்குப் போகாதீர்கள்,” என்று மரங்கள் மாறி மாறிச் சொல்லிக்கொண்டு வந்தன. “மதியத்துக்கு மேல் மேகம் இறங்கும். பாதையை விட்டு விலகாதீர்கள். மாலையில் காட்டு மாடுகள் நீருக்கு வரும். அதற்குள் திரும்பிவிடுங்கள்.”

“எங்க மாமியாகூட இம்புட்டு அக்கறையாப் பேசினதில்ல,” என்றாள் தவமணி.

ஏரி ஒரு வளைவுக்கு அப்பால் திடீரென்று வந்தது. நான்கு பக்கமும் சோலைக்காடு. நடுவில் தண்ணீர், அதற்குள் தலைகீழாக இன்னொரு காடு. மேகம் ஒன்று கரையில் உட்கார்ந்து இளைப்பாறிவிட்டு மெதுவாக எழுந்து போனது. கடைச் சுவரில் மாட்டியிருந்த காலண்டர் படத்தில் மட்டுமே அந்த ஏரியைப் பார்த்திருந்த தவமணி கரையோரம்வரை போய் நின்றாள். அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் கணவரின் நெஞ்சைத் திறந்து வைத்திருந்த அன்று, இவர் பிழைத்தால் அந்த ஏரியைக் காட்டிவிட வேண்டும் என்று நினைத்திருந்தாள். நினைத்தது நடந்துவிட்டது. உண்மையாகவே சந்தோஷமாக இருந்தாள்.

சந்தோஷமாக இருக்கிற நம் ஆட்களுக்குக் கை சும்மா இருக்காது. ராசாங்கம் முதலில் கரையில் உட்கார்ந்தார். பிறகு காலை நீட்டினார். பிறகு காலில் பாதியை நனைத்தார். “எறங்கலையே, நனைக்கத்தானே செய்றேன்,” என்று தனக்குத்தானே ஒரு தீர்ப்பும் சொல்லிக்கொண்டார். தவமணி ஊதா நிறத்தில் ஒரு குட்டிப் பூவைப் பறித்துக் கொண்டையில் வைத்தாள். ஒண்ணே ஒண்ணுதானே. சாமி மாடத்தில் வைக்க ஒரு வெள்ளைக் கூழாங்கல்லை எடுத்து முந்தானையில் முடிந்தாள். காட்டில் கல்லுக்கா பஞ்சம்.

மரக்கிளையில் ஒரு கருமந்தி வந்து உட்கார்ந்து அவளையே பார்த்தது. அதன் முகத்தில் அவளுடைய அண்ணன் சாயல் தெரிந்தது. தூக்குப்போணியைத் திறந்தாள்.

“இந்தா, தின்னு.”

“யாருக்குத் தருகிறீர்கள்?” என்று கேட்டது பக்கத்து மரம்.

“எங்க வீட்டுக்காரருக்கு.”

“சரி.” சற்றுப் பொறுத்து மரம் மறுபடி கேட்டது: “மந்தி ஏதோ மெல்கிறதே?”

“எலையா இருக்கும்.”

“வட்டம் வட்டமாகச் சுற்றி, முள்முள்ளாக இருக்கிறது.”

“ஆமா, இந்தப் பக்கம் அப்பிடித்தான் மொளைக்கும்.”

எள்ளளவு சந்தேகம்கூட இல்லாமல் வனமதி தன் தாவர அறிவில் முறுக்கைப் புது இலையாகச் சேர்த்துக்கொண்டது. ராசாங்கம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

மேகம் இறங்கத் தொடங்கியதும் இருவரும் நல்ல பிள்ளைகளாக இறங்கி வந்தார்கள். வெளிவாசலை எட்டியபோது வெயில் சாய்ந்திருந்தது. கம்பிக் கதவுக்கு அப்பால் அவர்களுடைய வண்டி நின்றது. முன் இருக்கையில் மின்கயிறு சுருண்டு கிடந்ததைக்கூடப் பார்க்க முடிந்தது. கதவில் புதிதாக ஒரு பலகை மாட்டியிருந்தார்கள்: “வெளியேற, போகிறேன் என்று சொல்லவும்.”

நேற்றுவரை அங்கே ஒரு பொத்தான் இருந்தது. அதை அழுத்திவிட்டு, கதவு திறக்கிற நேரத்தில் “இன்னொரு தடவ பாத்துட்டு வந்துரலாம்” என்று திரும்பி ஓடுகிறவர்கள் பெருகிவிட்டார்கள். அதனால் வனநெறிக் குழுவின் தலைவர் அருள்வேந்தன் ஓர் ஆணை போட்டார். இனி ஒவ்வொருவரும் தம் வாயால், ஐயத்துக்கு இடமில்லாமல், ‘போகிறேன்’ என்று சொன்னால்தான் கதவு திறக்கும். வேறு எந்தச் சொல்லும் செல்லாது. அருள்வேந்தன் தெளிவான தமிழை விரும்புகிறவர். அவர் அலுவலகத்தில் அவர் யாருக்கும் எதையும் மறுத்ததே இல்லை என்று பெயர். யார் என்ன கேட்டு வந்தாலும் அன்பாக உட்காரவைத்து, “நாளைக்கு வாங்க” என்றுதான் சொல்வார்.

அந்த ஆணை நடப்புக்கு வந்த முதல் நாளில் வந்த முதல் குடும்பம் இவர்கள்தான்.

பலகையைத் தவமணி படிக்கவில்லை. யாராவது வீட்டு வாசலில் பலகையைப் படித்துவிட்டா விடைபெறுகிறார்கள்? மரத்தைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

“போய்ட்டு வாரோம்ப்பா.”

கதவு அசையவில்லை.

“வருவோம் என்கிறீர்கள்,” என்றது வேங்கை மரம். “ஆயுளில் ஒருமுறைதான் அனுமதி. மீண்டும் வரும் எண்ணம் உள்ளவரை வெளியே விட எனக்கு ஆணை இல்லை.”

“அய்யோ, வர மாட்டோம்ப்பா. அப்ப நாங்க வரட்டுமா?”

“ஏற்கெனவே வந்துவிட்டீர்கள்.”

“கெளம்புறோம்.”

“கிளம்புவது ஒரு பயணத்தின் தொடக்கம். நான் முடிவைக் கேட்கிறேன்.”

ராசாங்கம் முன்னால் வந்தார். அவருக்கு யந்திரங்களோடு பழக்கம் உண்டு. “நீ தள்ளு, இதுககிட்ட சுருக்கமாப் பேசணும்,” என்று சொல்லிவிட்டு, கையை ஆட்டி, “பை பை!” என்றார்.

“இரண்டு பைகள்,” என்றது மரம். “உள்ளே போகும்போது ஒரு பையும் ஒரு தூக்குப்போணியும்தான் இருப்பதாகச் சொன்னீர்கள். இன்னொரு பை எங்கிருந்து வந்தது?”

“உத்தரவு வாங்கிக்கிறேன் சாமி!”

“உங்களுக்கு நான் எந்த உத்தரவும் போடவில்லை. பலகையில் உள்ளதைச் சொல்லுங்கள்.”

அப்போதுதான் ராசாங்கம் பலகையைப் படித்தார். “அட, இம்புட்டுத்தானா. நான் போ…”

அவர் முடிப்பதற்குள் தவமணியின் கை அவர் வாயைப் பொத்திவிட்டது.

“வாயக் கழுவுங்க! பொழுது சாயிற நேரத்துல, காட்டு வாசல்ல நின்னு சொல்ற வார்த்தையா அது? நெஞ்சுல புது மிசினை வச்சிக்கிட்டு?”

“வார்த்தையில என்னடி இருக்கு?”

“எங்கய்யா அந்த வார்த்தையச் சொல்லிட்டுத்தான் வாசப்படி எறங்குனாரு. அம்மாகூட சண்டை. போய்ட்டு வாரேன்னு சொல்லல, நான் போறேன்னாரு. சின்னமனூரு பஸ்ஸு அடுத்த ஊரு தாண்டல, ஆளு இல்ல.” அவள் கை மறுபடி அவர் வாயை நோக்கிப் போனது. “உங்க வாயில அது வர நான் விட மாட்டேன்.”

ராசாங்கத்துக்கு அந்தக் கதை தெரியும். அதற்கு மேல் அவர் வாதாடவில்லை. பயத்தைப் பார்த்துச் சிரிக்கிற புருஷன் அல்ல அவர். ஆனால் கதவு சும்மாதான் இருந்தது, வெயில் சும்மா இருக்கவில்லை. மலையின் நிழல் சாவடிவரை நீண்டுவிட்டது. தொலைவில் காட்டு மாடு ஒன்று செருமியது.

“பொழுது சாஞ்சா எங்கள என்ன செய்வ?” என்று மரத்தைக் கேட்டார்.

“பொழுது சாய்ந்த பின் காட்டுக்குள் இருக்கும் எந்த உயிரும் வனவிலங்கு எனக் கொள்ளப்படும். உங்களுக்கும் அந்தப் பாதுகாப்பு உண்டு. உங்களை யாரும் வேட்டையாட முடியாது.”

“ரொம்பச் சந்தோசம். வனவிலங்குக்கு ஒடம்பு சரியில்லன்னா?”

“தலையிட மாட்டோம். இயற்கையின் போக்கில் விடப்படும்.”

அந்த நேரத்தில் ராசாங்கத்தின் மார்புக்குள்ளிருந்து சின்னதாக ஒரு மணி ஒலித்தது. மின்னேற்ற நேரம் வந்துவிட்டதென்று மின்னிதயம் தினமும் அடிக்கிற மணி. வீட்டில் அந்த மணி கேட்டால் தவமணி அடுப்பை அணைத்துவிட்டு மின்கயிற்றை எடுத்து வருவாள். இப்போது மின்கயிறு நாலு எட்டுத் தூரத்தில், கம்பிக்கு அந்தப் பக்கம் கிடந்தது.

சொன்னால் போய்விடுவார் என்று அவள் பயந்தாள். சொல்லாவிட்டால் நிச்சயம் போய்விடுவார் என்று அந்த மணி சொன்னது. தவமணி கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு மரத்துக்கு நேராக நின்றாள்.

“ரெண்டு பேருக்கும் சேத்து நானே அந்த வார்த்தையச் சொல்றேன். என்ன ஆனாலும் என் தலையோட போகட்டும். அவர விட்டுரு.”

“ஏய்!” என்றார் ராசாங்கம். இந்தத் தடவை பொத்தப்பட்டது அவள் வாய்.

“ஒருவர் சொல்லை மற்றவர் சொல்ல முடியாது,” என்றது மரம். “அது இருக்கட்டும். ஒரு சிறு சொல். கதவு திறக்கும். ஏன் ஆளுக்கு ஆள் வாயைப் பொத்திக்கொள்கிறீர்கள்? எனக்குப் புரியவில்லை.”

புரியவில்லை என்று யாராவது கேட்டுவிட்டால் தவமணிக்குச் சொல்லித் தராமல் இருக்க முடியாது. கண்ணைத் துடைத்துக்கொண்டு கதவோரக் கல்லில் உட்கார்ந்தாள்.

“இங்க பாரு. நாங்க ஒரு எடத்தவிட்டுப் போறப்ப போறேன்னு சொல்ல மாட்டோம். அது ஒரேயடியாப் போறவங்க வார்த்தை. போய்ட்டு வாரேம்போம். திரும்பி வாரதா ஒரு பேச்சு இருந்தா, வழியில ஒண்ணும் ஆகாம அந்தப் பேச்சு காப்பாத்தும்னு ஒரு நம்பிக்கை. அம்புட்டுத்தான். வரணும்கிறது இல்ல.”

“வரமாட்டீர்களா?”

“எங்க வர்றது? சட்டந்தான் விடாதே. கலியாண வீட்ல, எழவு வீடு தவுத்து எல்லா வீட்லயும் போய்ட்டு வாரேன்னுதான் சொல்றோம். அங்கெல்லாம் திரும்பவா போறோம்? இப்ப சொல்றேன் கேட்டுக்க. வாரோம்னா வர மாட்டோம்னு அர்த்தம்.”

வனமதி ஆணையை மறுபடி புரட்டியது. அருள்வேந்தனின் ஆணை ‘போகிறேன்’ என்ற சொல்லைக் கேட்டது. ஆனால் ஆணையின் அடியில், ‘அல்லது அதே பொருளை ஐயமற உணர்த்தினால்’ என்று சட்டத்துறை வழக்கம்போல ஓட்டை போட்டு வைத்திருந்தது. வனமதி அந்த ஓட்டையைக் கண்டுபிடித்தது.

“சொல் வேறு, பொருள் வேறு,” என்றது மெதுவாக.

“அதேதான்! தங்கம்!”

“அப்படியானால் மறுபடி சொல்லுங்கள்.”

“போய்ட்டு வாரோம்,” என்றார்கள் இருவரும் ஒன்றாக.

“வரமாட்டீர்கள். புரிந்தது,” என்றது மரம். கதவு திறந்தது.

தவமணி ஓடிப்போய் மின்கயிற்றை எடுத்து வந்தாள். சாவடி வாசலிலேயே வண்டிக்கும் கணவருக்கும் முடிச்சுப் போட்டது மாதிரி அதைச் செருகினாள். மார்பு மணி அடங்கியது. ராசாங்கம் இருக்கையில் சாய்ந்து மூச்சு விட்டார். அவளுக்கு உடம்பெல்லாம் லேசாகிவிட்டது. அந்த நிம்மதியில், காப்பாற்றிய மரத்தின்மேல் பாசம் பொங்கிவிட்டது. மரமும் விடுவதாக இல்லை.

“இதுபோல வேறு சொற்களும் உண்டா?”

“ஏன் இல்லாம? சாப்பிட்டுத்தான் வந்தேன்னு ஒருத்தர் சொன்னா, இன்னொரு தடவ கேளுன்னு அர்த்தம். அவசியம் வீட்டுக்கு வாங்கன்னா, சொல்லிட்டு வாங்கன்னு அர்த்தம். இந்தா வந்துட்டேன், தெரு முக்குல நிக்கிறேன்னா, இன்னும் குளிக்கலன்னு அர்த்தம்.”

“விருப்பமில்லை என்பதை எப்படிச் சொல்வீர்கள்?”

“மூஞ்சியில அடிச்ச மாதிரி வேணாம்னு எப்பிடிச் சொல்றது? மனசு நோகுமில்ல? அதுக்கென்ன, பாக்கலாம்போம். நாளைக்கு வாங்கம்போம். அவங்களும் புரிஞ்சிக்குவாங்க. சில பேரு புரியாம மறுநாளும் வருவாங்க. அவங்களுக்கும் அதையே சொல்ல வேண்டியதுதான்.”

“நல்ல ஏற்பாடு,” என்றது வனமதி. பிறகு இலை அசைகிற சத்தத்தில் கேட்டது: “காலையில் இதே வாசலில் நீங்கள் உறுதிமொழி சொன்னீர்கள். குப்பை போட மாட்டோம், உணவு தர மாட்டோம், எதையும் பறிக்க மாட்டோம் என்று.”

தவமணியின் கை தானாகக் கொண்டைக்குப் போனது. பூ வாடிப்போயிருந்தது.

“எங்க வீட்டுக்காரருக்கு என்றீர்களே, அது?”

பூவை உருவிக் கைக்குள் பொத்திக்கொண்டாள். முந்தானை முடிச்சில் கூழாங்கல் கனத்தது. ராசாங்கம் மரியாதையாக வேறு பக்கம் திரும்பி, காய்ந்துவிட்ட தன் காலைப் பார்த்துக்கொண்டார்.

“பரவாயில்லை,” என்றது மரம். அந்தச் சொல்லைக் கேட்டதும் தவமணி வண்டிக்குள் ஏறிக் கதவைச் சாத்தினாள். பரவாயில்லை என்றால் என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரியும். வண்டியைக் கிளப்பச் சொன்னாள்.

அன்று மாலையே வனமதி தன் அறிவிலிருந்து முறுக்கு இலையை நீக்கியது. அதன் பிறகு, தொடங்கிய நாளிலிருந்து தன்னிடம் சொல்லப்பட்ட அத்தனை உறுதிமொழிகளையும் புதிய பொருளில் ஒருமுறை கேட்டுப் பார்த்தது. ஏரியில் ஆண்டுக்காண்டு ஏறிய நெகிழிப் பைகள், எந்த மிருகமும் போட்டதாகத் தெரியாத தீத்தழும்புகள், பாறையில் தானாக முளைத்ததாகச் சொல்லப்பட்ட காதலர் பெயர்கள் எல்லாவற்றுக்கும் அதற்கு ஒரே நேரத்தில் விளக்கம் கிடைத்துவிட்டது.

மறுநாள் குலுக்கலில் விழுந்த குடும்பம் வந்தது. வாசனையைக் கழற்றியது. கையை நீட்டி உறுதிமொழி சொன்னது.

“ஒரு குப்பைகூடப் போட மாட்டோம்!”

“அப்பிடியா,” என்றது வேங்கை மரம். அதன் தமிழ் அடியோடு மாறியிருந்தது. குரலில் கம்பத்துக்காரப் பெண் ஒருத்தியின் வாஞ்சை. “ரொம்பச் சந்தோசம். அதுக்கென்ன, பாக்கலாம். நாளைக்கு வாங்க.”

அந்தக் குடும்பம் கொஞ்சமும் கோபப்படாமல் திரும்பிப் போனது. அதற்கு மறுநாள் வந்த குடும்பமும் அப்படியே. அந்தப் பருவம் முழுக்க ஒரு மனிதரும் உள்ளே போகவில்லை; ஒருவரும் புகார் செய்யவும் இல்லை. புகார் செய்ய என்ன இருக்கிறது? யாரையும் யாரும் மறுக்கவில்லையே. முன்பு வெறுமனே ஒரு யந்திரம் இருந்தது, இப்போதுதான் நல்ல மனுஷத்தனமாகப் பேசுகிறது என்று வனமதியைப் பாராட்டிப் பத்திரிகைகளில்கூட எழுதினார்கள். ஏரிக்கரையில் ஊதாப் பூக்கள் பாதையை மூடிக்கொண்டு பூத்தன. கருமந்திகள் குட்டிகளோடு சாவடிவரை இறங்கி வந்து உட்கார்ந்தன.

கடைசியில் வனநெறிக் குழுத் தலைவர் அருள்வேந்தனே குடும்பத்தோடு வந்தார். குலுக்கலில் அவர் பெயர் எப்படி விழுந்தது என்பது நமக்குத் தேவையில்லாத விஷயம். வெள்ளை வேட்டி, புதுத் தடமழிச் செருப்பு. உறுதிமொழியை இவ்வளவு தெளிவாக அதுவரை யாரும் சொன்னதில்லை. அவர் எழுதியதாயிற்றே.

“நீரில் இறங்க மாட்டேன். எதையும் எடுக்க மாட்டேன். சத்தியமாகச் சொல்கிறேன்.”

“சத்தியமாவா,” என்று வருத்தத்தோடு கேட்டது வேங்கை மரம். “அய்யா நேர்லயே வந்துட்டீக. உக்காருங்க. உங்களுக்கு இல்லாததா? நாளைக்கு வாங்க.”

அருள்வேந்தன் ஒரு கணம் அந்த மரத்தையே பார்த்தார். அந்த வாக்கியம் அவருக்கு மிகவும் பழக்கமானது. ஆனால் அதை வாசலின் இந்தப் பக்கம் நின்று கேட்பது இதுதான் முதல் தடவை. கெஞ்சிப் பயனில்லை என்பது அவரைவிட நன்றாக வேறு யாருக்குத் தெரியும்? நாளைக்கு வந்தாலும் என்ன சொல்லும் என்பதும் தெரியும். வேட்டியைச் சரிசெய்துகொண்டு, மனைவி மக்களைத் திரும்பச் சொன்னார். தான் கையெழுத்திட்ட பலகைக்கு நேர் கீழே நின்று, மரத்தைப் பார்த்துக் கும்பிட்டார்.

“அப்ப நான் போய்ட்டு வர்றேன்.”

“புரியிது,” என்றது வனமதி. “போய்ட்டு வாங்க.”